மனவரைபட மென்பொருளும் சாலைத் தமிழும்: குறிப்பெடுக்கும் முறை பற்றிய ஒரு திறனாய்வு

1. முன்னுரை

திருவனந்தபுரத்தில் கிழக்கேகோட்டையிலிருந்து கிள்ளிப்பாலம் நோக்கிச் செல்லும் கடைத்தெருவுக்குத் தமிழர் வழக்கில் சாலை என்று பெயர். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் திருவிதாங்கூர்த் திவானாக விளங்கிய இராஜா கேசவதாஸ் இதனை ஒரு பெருஞ்சந்தையாக அமைத்தார் என்பது வரலாறு. தமிழ் பேசும் வணிகரும் தொழிலாளரும் தலைமுறை தலைமுறையாக இங்கு வாழ்ந்து வருகின்றனர். இத்தெருவில் கடை நடத்தியபடியே தமிழில் எழுதியவர் ஆ. மாதவன் (1934–2021). 'கடைத்தெருக் கதைகள்', 'புனலும் மணலும்', 'கிருஷ்ணப் பருந்து' ஆகியவற்றால் அறியப்பெற்ற இவர், 'இலக்கியச் சுவடுகள்' என்னும் கட்டுரை நூலுக்காக 2015ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமி விருதைப் பெற்றார். மலையாளத்திலிருந்து தமிழுக்கு நூல்களை மொழிபெயர்த்தவர் என்ற வகையிலும் இவர் குறிப்பிடத்தக்கவர்.

இத்தகைய எல்லைப்புறத் தமிழை ஆராய்வோரும் மொழிபெயர்ப்போரும் முதலில் செய்வது குறிப்பெடுத்தலாகும். முன்னாளில் சீட்டுகளிலும் குறிப்பேடுகளிலும் நடைபெற்ற இப்பணி இன்று பெருமளவில் கணிப்பொறிக்கு மாறியுள்ளது. அவ்வகையில் பரவலாகப் பயன்படும் கருவிகளுள் ஒன்று, மைண்ட் மேப் எனப்படும் மனவரைபடத்தை வரைய உதவும் மென்பொருள். மாணவர்க்கும் ஆய்வாளர்க்கும் அது பரிந்துரைக்கப்படுகிறது. எண்ணங்களை விரைவில் ஒழுங்குபடுத்த உதவும் என்று போற்றப்படுகிறது.

ஒரு குறிப்பேடு எதனை எழுத இடந்தருகிறதோ அதுவே பின்னர்ச் சான்றாக நிலைபெறுகிறது. எழுத இடமில்லாதது ஆய்விலிருந்து நீங்கிவிடுகிறது. ஆதலின் கருவியின் அமைப்பு ஆய்வின் முடிவைப் பாதிக்கவல்லது. மனவரைபடத்தின் அமைப்பு, சாலை போன்றதோர் இடத்தின் மொழியைக் குறித்துக்கொள்ளப் போதுமானதா, போதாதெனின் எவ்விடத்தில் குறைபடுகிறது, அக்குறையை எவ்வாறு நிரப்பலாம் என்பன இக்கட்டுரையில் ஆராயப்படுகின்றன.

2. மனவரைபடத்தின் அமைப்பு

மனவரைபடம் என்னும் பெயரையும் முறையையும் மக்களிடையே பரப்பியவர் இங்கிலாந்தைச் சேர்ந்த டோனி புசான். 1974இல் பி.பி.சி. தொலைக்காட்சித் தொடர் வாயிலாகவும் அதனையொட்டிய நூல் வாயிலாகவும் இம்முறை அறிமுகமாயிற்று. தாளின் நடுவில் மையக்கருத்து. அதனின்று பிரியும் தடித்த கிளைகள். அவற்றினின்று பிரியும் மெல்லிய கிளைகள். ஒவ்வொரு கிளையின்மீதும் ஒரேயொரு திறவுச்சொல். வேறுபாடு காட்ட வண்ணமும் படமும். இவையே இதன் அடிப்படை விதிகள். மூளையின் இயல்பான சிந்தனை இவ்வாறே மையத்திலிருந்து விரிகிறது என்று இம்முறையினர் கூறுவர். நரம்பணுவின் உருவத்திற்கும் வரைபடத்தின் உருவத்திற்கும் உள்ள ஒப்புமை கண்ணுக்குப் புலப்படுவதே. எனினும் உருவ ஒப்புமை ஒன்றே செயல் ஒப்புமைக்குச் சான்றாகாது.

இம்முறையைக் கணிப்பொறிக்கு ஏற்ப அமைத்தவை ஃப்ரீமைண்ட், அதனின்று கிளைத்த ஃப்ரீபிளேன், எக்ஸ்மைண்ட், மைண்ட்மேனேஜர் முதலிய மென்பொருள்கள். தாளில் இயலாத சில வசதிகளை இவை தருகின்றன. ஒரு கிளையை அதன் உட்கிளைகளோடு பெயர்த்து வேறிடத்தில் பொருத்தலாம். தேவையற்றபோது மடக்கி வைத்துத் தேவையானபோது விரிக்கலாம். நூற்றுக்கணக்கான குறிப்புகளுள் ஒரு சொல்லைத் தேடி எடுக்கலாம். ஒருங்குறி பரவிய பின்னர்த் தமிழ் எழுத்துகளும் இவற்றில் இடம்பெறுகின்றன. ஒரு நூலின் உள்ளடக்கத்தைச் சுருக்கிக் காண்பதற்கும், கட்டுரையொன்றின் பகுதிகளைத் திட்டமிடுவதற்கும், நாவலின் பாத்திரங்களைக் குடும்பவாரியாகப் பிரித்து எழுதுவதற்கும் இவை பெரிதும் பயன்படுகின்றன. இப்பயன்களை மறுப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று.

ஆயினும் இம்மென்பொருள்களின் உள்ளமைப்பில் ஒரு கட்டுப்பாடு உள்ளது. ஃப்ரீமைண்ட் தன் கோப்பைச் சேமிக்கும் முறையை நோக்கினால் இது தெளிவாகும். அதில் ஒவ்வொரு கணுவும் மற்றொரு கணுவின் உள்ளே வைக்கப்படுகிறது. பெட்டிக்குள் பெட்டி வைப்பது போன்றது இது. ஒரு பெட்டி ஒரே சமயத்தில் இரு பெட்டிகளுக்குள் இருக்க இயலாது. எனவே ஒவ்வொரு கணுவுக்கும் தாய்க்கணு ஒன்றே. தொலைவிலுள்ள இரு கணுக்களை அம்புக்குறியால் இணைக்கும் வசதி உண்டெனினும் அது மேற்பூச்சாகவே நின்றுவிடுகிறது. கிளையை மடக்கினால் அம்புக்குறியின் முனையும் உடன் மறைகிறது; வரைபடத்தை வெறும் பட்டியலாக மாற்றினால் அது பெரும்பாலும் விடுபட்டுப்போகிறது.

இவற்றால் மனவரைபடம் மூன்று கொள்கைகளைச் சொல்லாமலே ஏற்றுக்கொண்டுள்ளது எனலாம். ஒன்று, எக்கருத்துக்கும் உரிய இடம் ஒன்றே என்பது. இரண்டு, கருத்தைத் தனிச்சொல்லால் குறிக்க இயலும் என்பது. மூன்று, இரு கருத்துகளுக்கிடையே உள்ள உறவைப் பெயரிடாத ஒரு கோட்டால் காட்டினால் போதும் என்பது. இம்மூன்றும் தமிழ்க்குறிப்புகளுக்கு எவ்வளவு பொருந்தும் என்பதை இனிக் காணலாம்.

3. நிகண்டு காட்டும் முன்மாதிரி

பொருள்களைக் கிளைகளாகப் பகுத்து அவற்றின்கீழ்ச் சொற்களை நிறுத்தும் முறை தமிழுக்குப் புதியதன்று. திவாகரம் முதலாக வரும் நிகண்டுகளின் அடித்தளமே அதுதான். தெய்வப்பெயர், மக்கட்பெயர், விலங்கின்பெயர், மரப்பெயர், இடப்பெயர், பல்பொருட்பெயர், செயற்கை வடிவப்பெயர், பண்புபற்றிய பெயர், செயல்பற்றிய பெயர், ஒலிபற்றிய பெயர் எனப் பத்துத் தொகுதிகளாக உலகம் அங்குப் பகுக்கப்பெற்றுள்ளது. உரிய கிளையைக் கண்டவன் உரிய சொல்லையும் காண்பான் என்பது அதன் எதிர்பார்ப்பு.

ஆனால் நிகண்டாசிரியர் பத்தோடு நிறுத்தவில்லை. பதினோராவதாக ஒருசொற் பல்பொருட்பெயர்த் தொகுதியை அமைத்தனர். ஒரு சொல் பல கிளைகளுக்கு உரியதாகும்போது பொருட்பாகுபாடு அதனைத் தாங்கமாட்டாது என்பதை அவர்கள் உணர்ந்திருந்தமைக்கு இத்தொகுதியே சான்று. சூடாமணி நிகண்டு இப்பகுதியை எதுகை முறையில் அடுக்கியது. அதாவது, பொருளால் அடுக்க இயலாதவிடத்து ஒலியால் அடுக்கியது. பின்னர் 1594இல் தோன்றிய அகராதி நிகண்டு முதலெழுத்து வரிசையை மேற்கொண்டது. 1732இல் வீரமாமுனிவர் இயற்றிய சதுரகராதி, பெயர், பொருள், தொகை, தொடை என நான்கு வாயில்களை ஒரே நூலில் வைத்தது. ஒரு சொல்லை அடைய ஒரு வழி போதாது என்பதே இவ்வளர்ச்சி உணர்த்தும் உண்மையாகும்.

மேலைநாட்டு வரலாறும் இதனையே காட்டுகிறது. 1852இல் பீட்டர் மார்க் ரோஜே வெளியிட்ட பொருட்புலச் சொற்களஞ்சியம் ஆங்கிலச் சொற்களை ஏறத்தாழ 1000 தலைப்புகளுக்குள் வகைப்படுத்தியது. எனினும் அந்நூலைக் கையாள்வோர் பெரும்பாலும் அதன் இறுதியிலுள்ள அகரவரிசை அடைவின் வழியாகவே உள்ளே நுழைகின்றனர். கிளையமைப்புடன் அடைவும் இருந்தாலன்றி அத்தகு நூல் பயன்தருவதில்லை.

மனவரைபட மென்பொருளோ நிகண்டின் முதற்பத்துத் தொகுதிகளை மட்டும் உடையது. அதற்குப் பதினோராம் தொகுதி இல்லை. தேடும் வசதி அக்குறையை நிரப்பும் எனலாம். ஆனால் தேடுதல் என்பது முன்னரே தெரிந்த சொல்லைக் கண்டெடுப்பது. தெரியாத உறவை அது முன்கொணர்ந்து காட்டாது. வரிசைப்படுத்துவதிலும் இடர்ப்பாடு உண்டு. ஒருங்குறியின் குறியெண் வரிசையில் னகரம் நகரத்தை அடுத்தும், றகரம் ரகரத்தை அடுத்தும், வகரம் ழகரத்தின் பின்னும் நிற்கின்றன. அவ்வெண்களை மட்டும் நோக்கி அடுக்கும் கருவி தரும் பட்டியல் தமிழ் அகராதியின் வரிசையோடு ஒவ்வாது.

4. 'சாலை' என்னும் கணு

இனி, இடப்பெயரையே மையக்கணுவாக வைத்து ஒரு சோதனை செய்யலாம். சாலை என்னும் சொல் எந்தக் கிளையில் நிற்பது?

தற்காலத் தமிழில் சாலை என்றால் பெருவழி. அவ்வழக்கை மட்டும் அறிந்தவர் இப்பெயரைத் தெருப்பெயர் என்ற கிளையில் எளிதாக வைத்துவிடுவர். ஆனால் பாடசாலை, அறச்சாலை, தொழிற்சாலை என்பவற்றில் அது கூடத்தைக் குறிக்கிறது. திருவனந்தபுரத்தில் இக்கடைத்தெருவின் அண்மையிலேயே ஆரியசாலை, வலியசாலை என்னும் இடங்கள் உள்ளன. வலியசாலையில் காந்தளூர் மகாதேவர் கோயில் இருக்கிறது. முதலாம் இராசராசனின் மெய்க்கீர்த்தியில் இடம்பெறும் காந்தளூர்ச்சாலை இப்பகுதியே என்பர் அறிஞர் பலர். அச்சாலை கல்விக்கழகமா, படைக்கலப் பயிற்சிக்கூடமா, அங்குக் 'கலமறுத்தல்' என்பது மரக்கலத்தை அழித்ததா, உண்கலத்தோடு தொடர்புடைய ஏற்பாடா என்பன நெடுங்காலமாக விவாதிக்கப்பட்டு வருகின்றன. ஆய் மன்னன் கருநந்தடக்கனின் 9ஆம் நூற்றாண்டுச் செப்பேடு, பார்த்திவசேகரபுரத்தில் 95 சட்டர்க்காக நிறுவப்பெற்ற சாலையொன்றைக் காந்தளூரின் முறைமையோடு இணைத்துக் கூறுகிறது. து. அ. கோபிநாத ராவ் திருவிதாங்கூர்த் தொல்லியல் தொடரில் இதனைப் பதிப்பித்தார். இச்சான்றுகளின் முன்னே, சாலை என்பதைத் தெருப்பெயர் எனக் கொள்வது விரைவுபட்ட முடிவாகிவிடும்.

மலையாள எழுத்துமுறை இதனை மேலும் சிக்கலாக்குகிறது. தமிழில் மூன்றிடங்களும் ஒரே வடிவில் சாலை என்றே எழுதப்படுகின்றன. மலையாளத்தில் ஆரியசாலையும் வலியசாலையும் வடமொழிச் சகர எழுத்தால் எழுதப்படுகின்றன. கடைத்தெருவோ திராவிடச் சொற்களுக்குரிய சகரத்தால் எழுதப்படுகிறது. எனவே மலையாள எழுத்தில் குறிப்பெடுப்பவர்க்கு இவை இரு கிளைகளாகவும், தமிழ் எழுத்தில் குறிப்பெடுப்பவர்க்கு ஒரே கிளையாகவும் தோன்றும். ஒரே இடத்தின் பெயர்களை எழுதும்போதே, எழுத்துமுறை தானாக ஒரு பாகுபாட்டைச் செய்துவிடுகிறது. ஆய்வாளர் அதனைத் தம் கண்டுபிடிப்பென மயங்குதல் கூடும்.

எழுத்தின் நுண்மையைப் பற்றிப் பேசும்போது மற்றொன்றும் நோக்கத்தக்கது. மாதவனின் 'எட்டாவது நாள்' என்னும் குறுநாவலின் மையப்பாத்திரம் சாளைப் பட்டாணி. சாளை என்பது மீன். சாலை என்பது இடம். லகர ளகர வேறுபாட்டைக் காட்டாத எழுத்துப்பெயர்ப்பில் குறிப்பெடுப்பவர் இப்பாத்திரத்தைத் தெருவின் கிளையில் கொண்டுபோய் நிறுத்திவிடுவர். அத்தவறு வரைபடத்தில் மிகப் பொருத்தமாகவும் தோன்றும். ஏனெனில் தெருவோடு தொடர்புடைய பாத்திரத்திற்குத் தெருவின் பெயர் அமைவது இயல்பன்றோ. வரைபடத்தின் ஒழுங்கு தவறான செய்தியையும் நம்பத்தக்கதாக்கிவிடுகிறது என்பதற்கு இது எடுத்துக்காட்டு.

5. கோடும் தொகையும்

மனவரைபடத்தில் கணுக்களுக்கே பெயர் உண்டு. அவற்றை இணைக்கும் கோட்டுக்குப் பெயரில்லை. மொழியியலார்க்கும் மொழிபெயர்ப்பாளர்க்கும் மிகவும் முதன்மையான சிக்கல் இங்குதான் எழுகிறது.

தமிழிலக்கணத்தின் துணையால் இதனை விளக்கலாம். இரு சொற்கள் இடையில் உருபின்றித் தொடர்வதைத் தொல்காப்பியம் தொகை என்னும். வேற்றுமைத்தொகை, உவமத்தொகை, வினைத்தொகை, பண்புத்தொகை, உம்மைத்தொகை, அன்மொழித்தொகை என அது ஆறாகும். தொகையைக் கண்டவிடத்து அதனை விரித்துப் பொருள் காண்பது உரையாசிரியர் மரபு. ஒரே தொகையை ஒருவர் ஒருவகையிலும் மற்றொருவர் வேறுவகையிலும் விரிப்பர். விரியில் மாறுபட்டால் பாட்டின் பொருளே மாறும்.

மனவரைபடத்தின் ஒவ்வொரு கோடும் இத்தகைய தொகையே. கடை என்ற கணுவிலிருந்து ஒரு கோடு மனிதர் என்ற கணுவுக்குச் செல்வதாகக் கொள்வோம். மாதவனின் கதையுலகைச் சுருக்கிக் காட்ட முனையும் எவரும் இப்படியொரு கோட்டை இழுக்கக்கூடும். அக்கோடு சொல்லுவது யாது? கடையின்கண் உள்ள மனிதர் என்றால் அது ஏழாம் வேற்றுமைத்தொகை. அம்மனிதர் முதலாளியும் ஏவலாளும் வாடிக்கையாளரும் ஆவர். கடையும் மனிதரும் என்றால் உம்மைத்தொகை. அப்போது கடை மனிதரோடு ஒப்ப நிற்கும் ஒரு பாத்திரமாகிறது. கடையராகிய மனிதர், அதாவது கடைப்பட்ட மாந்தர் என்றால் பண்புத்தொகை. சுமைதூக்குவோரையும் திருடரையும் வீடற்றோரையும் மாதவன் எழுதினார் என்பதனால் அவ்விரியும் பொருந்தாமற்போகாது. கடை என்பது தொல்காப்பியத்தில் ஏழாம் வேற்றுமைப் பொருளில் வரும் சொற்களுள் ஒன்றாகவும் எண்ணப்படுவது என்பதையும் நினைவிற்கொண்டால், ஒரு கோட்டில் எத்தனை பொருள்கள் அடங்கியுள்ளன என்பது விளங்கும்.

இம்மூன்று விரிகளும் மூன்று வேறுபட்ட திறனாய்வு முடிவுகளாகும். தெருவின் வாழ்க்கையைப் பதிவுசெய்தவர் மாதவன் என்பது ஒன்று. தெருவையே பாத்திரமாக்கியவர் என்பது மற்றொன்று. ஒதுக்கப்பட்டோரின் எழுத்தாளர் என்பது பிறிதொன்று. வரைபடம் இம்மூன்றனுள் எதனையும் சொல்லாமல் மூன்றையும் சொன்னதுபோல் நிற்கிறது. வரைந்தவர் வரைந்த நாளில் ஒரு விரியை மனத்திற்கொண்டிருப்பார். ஆறு திங்கள் கழித்து அதனைக் காணும்போது அவ்விரி அவர் நினைவில் இராது. பிறர் காணும்போது அது முற்றிலும் இல்லை.

அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் 1972 அளவில் ஜோசப் நோவாக்கும் அவர்தம் குழுவினரும் உருவாக்கிய கருத்துவரைபடம் இவ்வகையில் வேறுபட்டது. அதில் ஒவ்வொரு கோட்டின்மீதும் இணைப்புத்தொடர் எழுதப்படல் வேண்டும். இரு கணுக்களும் கோடும் சேர்ந்து ஒரு வாக்கியமாக வாசிக்கப்படல் வேண்டும். அதற்கென அமைந்த சிமேப்டூல்ஸ் மென்பொருளில், கோட்டை இழுத்தவுடன் இணைப்புத்தொடருக்குரிய இடத்தில் வினாக்குறிகள் தோன்றி நிற்கும். ஒரு கணுவுக்குப் பல கணுக்களிலிருந்தும் கோடுகள் வரலாம். தமிழ் மரபில் கூறுவதாயின், மனவரைபடம் தொகையோடு நின்றுவிடுகிறது. கருத்துவரைபடம் விரியைக் கேட்கிறது.

6. திறவுச்சொல்லும் உருபும்

கிளைக்கு ஒரு திறவுச்சொல் என்னும் விதி ஆங்கிலத்தை நோக்கி எழுந்தது. ஆங்கிலத்தில் சொற்களுக்கிடையேயான உறவைப் பெரும்பாலும் சொல்வரிசையும் தனிநிலை முன்னொட்டுச் சொற்களும் உணர்த்துகின்றன. தமிழிலும் மலையாளத்திலும் அவ்வுறவை உணர்த்துவன சொல்லின் இறுதியில் ஒட்டும் உருபும் விகுதியுமாகும். தமிழ்ச் சொல்லைத் திறவுச்சொல்லாகச் சுருக்குவோர் அதன் இறுதியையே முதலில் களைந்துவிடுகின்றனர்.

மாதவன் மொழிபெயர்த்த நூலொன்றின் தலைப்பே இதற்குத் தக்க சான்று. பி. கே. பாலகிருஷ்ணன் மகாபாரதத்தைத் தழுவி மலையாளத்தில் எழுதிய நாவலை அவர் 'இனி நான் உறங்கட்டும்' என்று தமிழாக்கினார். தற்காலத் தமிழில் 'அட்டும்' என்னும் ஈறு படர்க்கையில் இயல்பாக வரும்: அவன் உறங்கட்டும், குழந்தை உறங்கட்டும். தன்மையில் வரும்போது அது பெரும்பாலும் வினாவடிவிலேயே அமையும்: நான் உறங்கட்டுமா? மலையாளத்திலோ இதற்கு இணையான ஈறு தன்மையிலும் வினாவின்றி வந்து வேண்டுகோளையோ விடைபெறுதலையோ உணர்த்தும். 'நான் உறங்கட்டும்' என்னும் தமிழ்த்தொடர் தமிழ்ச்சொற்களால் அமைந்தும் மலையாளத்தின் தொனியைத் தாங்கி நிற்கிறது. உறங்க அனுமதி கேட்பதும், இனி உறங்குவேன் எனத் தனக்குத்தானே இசைவு தருவதும் அதில் ஒருங்கே கேட்கின்றன. இருமொழிச் சூழலில் வாழ்ந்தவர்க்கு அத்தொடர் இயல்பாக வந்திருத்தல் கூடும்; தமிழகத்து வாசகர்க்கு அதுவே புதுமையாகத் தோன்றி நூலின் குரலை முதல் தொடரிலேயே நிலைநாட்டுகிறது.

இத்தலைப்பை மனவரைபடத்தில் குறிப்போர் 'உறக்கம்' என்று எழுதுவர். சற்று நுட்பமானவர் 'உறக்கம் – மரணம்' என்று ஒரு கோட்டையும் சேர்ப்பர். இரண்டிலும் 'அட்டும்' இல்லை. மொழிபெயர்ப்பாளர் ஆராயவேண்டிய ஈறு எதுவோ அதுவே குறிப்பில் விடுபட்டுள்ளது. பின்னர் மற்றொரு மொழியில் இத்தலைப்பைத் தருவோர் கிளையில் உள்ள பெயர்ச்சொல்லையே மொழிபெயர்ப்பர்.

7. திசைச்சொல்லும் 'கலப்பு' என்னும் கிளையும்

சாலைத் தமிழ் போன்ற வழக்குகளுக்கு மனவரைபடம் வரைவோர் பெரும்பாலும் இழுக்கும் ஒரு கிளை 'மலையாளக் கலப்பு' என்பதாகும். தமிழ்நாட்டு வாசகர்க்குப் புதிதாகத் தோன்றும் சொற்களெல்லாம் அதன்கீழ் வந்து சேர்கின்றன. இக்கிளையின் பெயர் ஒரு வரலாற்று முடிவைச் சோதனையின்றியே அறிவித்துவிடுகிறது.

சாளை என்பது மலையாளத்திலும் உண்டு. குமரிக் கடற்கரைத் தமிழிலும் உண்டு. பேசுதல் என்னும் பொருளில் பறைதல் மலையாளத்தின் அன்றாட வினை; தமிழ் அகராதிகளிலும் அப்பொருள் பதிவாகியுள்ளது; நாஞ்சில்நாட்டுப் பேச்சிலும் அது வழங்கியுள்ளது. கடையைக் குறிக்கும் மலையாளப் பீடிகை என்னும் சொல்லைக் காண்போர், சிலப்பதிகாரம் கடைகள் நிறைந்த தெருவுக்குப் பீடிகையைச் சேர்த்தே பெயர் சொல்வதை மறத்தலாகாது. வெள்ளம் மலையாளத்தில் நீர், தமிழில் பெருக்கு. முறி மலையாளத்தில் அறை. தமிழில் உடைத்தலும் துண்டும். இவை கடன்பெற்ற சொற்களல்ல. இருமொழிக்கும் பொதுவாய் நின்று பொருளால் பிரிந்தவை. ஒவ்வொன்றும் தனித்தனியே ஆராயப்படவேண்டியது. கலப்பு என்னும் ஒரே பெயர் இவ்வேறுபாடுகள் அனைத்தையும் அழித்துவிடுகிறது.

பழைய இலக்கணிகள் இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என்று நான்கு வகை கூறினர். செந்தமிழ் நிலத்தைச் சூழ்ந்த பன்னிரு நிலங்களின் சொற்களைத் திசைச்சொல் என்றனர். அப்பன்னிரண்டனுள் குட்டமும் குடமும் வேணாடும் உரையாசிரியரால் எண்ணப்பெற்றுள்ளன. திருவனந்தபுரம் வேணாட்டைச் சார்ந்தது. குட்டநாட்டார் தாயைத் தள்ளை என்பர் என்று உரைகள் காட்டும் எடுத்துக்காட்டு யாவரும் அறிந்ததே. இன்றைய மலையாளத்தில் தள்ள என்னும் சொல் தாயைக் குறித்து வழங்குகிறது. பழைய பாகுபாட்டில் தமிழ்ச்செய்யுளுக்கு உரிய சொற்களுள் ஒன்றாக இடம்பெற்ற அதே சொல், புதிய வரைபடத்தில் அயன்மொழிக் கலப்பாகி வெளியேறுகிறது.

இது பெயரளவிலான கருத்துவேறுபாடன்று. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகன், வட்டார வழக்குகளை உரிய குறியீட்டோடு தன்னுள் ஏற்றுக்கொண்டது. நாஞ்சில்நாட்டு வழக்குகளும் அதில் இடம்பெற்றன. அதன் பதிப்பாசிரியர் ச. வையாபுரிப்பிள்ளை பின்னர்த் திருவனந்தபுரத்தில் தமிழ்ப் பேராசிரியராகப் பணியாற்றியவர். எல்லைப்புறச் சொல்லைத் தமிழ் அகராதியுள் கொள்வதா, பிறமொழி எனத் தள்ளுவதா என்பதைப் பின்வரும் அகராதியாளர் தீர்மானிப்பது கள ஆய்வாளர் எழுதிவைத்த குறிப்பைக் கொண்டே ஆகும். குறிப்பில் 'கலப்பு' என்று மட்டும் இருந்தால் சொல் அகராதிக்கு வராது. அச்சொல்லைப் பேசிய தலைமுறை மறைந்தபின் அதனை மீட்க வழியுமில்லை.

மொழிபெயர்ப்பிலும் இதன் விளைவு உண்டு. சாலைத் தமிழில் அமைந்த ஓர் உரையாடலை மலையாளத்திற்குப் பெயர்க்கும்போது, தமிழ் வாசகர்க்கு அயன்மையாக ஒலித்த சொற்கள் தம் வீட்டுக்குத் திரும்பியவைபோல் இயல்பாகிவிடுகின்றன. எவர் எவரிடம் எச்சூழலில் அச்சொல்லைக் கூறினார் என்ற குறிப்பு இருந்தாலன்றி, அது இயல்பான பேச்சா, வணிகத்தின் பொருட்டு மொழி மாறிய பேச்சா, எள்ளலா என்று அறிய இயலாது. சொல்லைப் பேசியவரிடமிருந்து பிரித்துக் கிளையில் தொங்கவிடும் வரைபடம் இவ்வறிவைத் தராது.

8. சீட்டுமுறை கற்பிப்பவை

திருவனந்தபுரத்திலேயே இதற்கு மாற்றான ஆய்வுமரபு ஒன்று வளர்ந்தது. வ. அய். சுப்பிரமணியம் தயாரித்துக் கேரளப் பல்கலைக்கழகம் 1962இல் வெளியிட்ட புறநானூற்றுச் சொல்லடைவு, ஒரு நூலின் சொல்வடிவங்களை அவை பயிலும் இடத்தோடு நிரல்படுத்தியது. அவரது முயற்சியால் 1977இல் திராவிட மொழியியற் பன்னாட்டுப் பள்ளியும் அந்நகரில் நிறுவப்பெற்றது. சொல்லடைவு தயாரிக்கும் ஆய்வாளர் முதலில் வகைப்படுத்துவதில்லை. இருப்பதை இருந்த வடிவில், இருந்த இடத்தோடு எழுதிக்கொள்கிறார். வேற்றுமை ஏற்ற சொல் வேற்றுமையோடும், வினைமுற்று விகுதியோடும் அடைவில் நிற்கின்றன. பாகுபாடு அதன்பின் வருகிறது. தவறெனக் கண்டால் பாகுபாட்டை மாற்றலாம், தரவு கெடுவதில்லை.

அகராதிப் பணியில் கையாளப்பெறும் சீட்டின் சிறப்பும் இதுவே. ஒரு சீட்டைப் படியெடுத்து இரண்டு பெட்டிகளில் இடலாம். எங்கு வைப்பது எனத் தெரியாத சீட்டைத் தனியே வைக்கலாம். ஜெர்மானியச் சமூகவியலார் நிக்லாஸ் லூமன் (1927–1998) ஏறத்தாழ 90,000 சீட்டுகளைத் தொகுத்தவர். அவற்றைத் தலைப்புவாரியாகப் பிரிப்பதைவிட, ஒவ்வொரு சீட்டுக்கும் எண்ணிட்டுப் பிற சீட்டுகளின் எண்களை அதில் குறிப்பதையே அவர் முதன்மையாகக் கொண்டார். சீட்டின் இடம் நிலையானது. உறவுகளோ வளர்ந்துகொண்டே செல்லும்.

இவ்விரு மரபுகளையும் இணைத்து நோக்கும்போது மனவரைபட மென்பொருளைப் பயன்படுத்துவோர் மேற்கொள்ளத்தக்க சில நெறிகள் கிடைக்கின்றன.

முதலாவது, வரைபடத்திற்கு முன் அடைவு வேண்டும். சொல், அது வந்த வாக்கியம், பக்கம், பேசுவோர், கேட்போர் ஆகியவை முதலில் பட்டியலாகட்டும். வரைபடம் அப்பட்டியலைச் சுட்டுவதாக அமையட்டும். பட்டியலுக்கு மாற்றாக அமைதல் கூடாது.

இரண்டாவது, கணுவில் சொல்லை உருபோடும் ஈற்றோடும் எழுதுதல் நன்று. 'உறக்கம்' என்னாது 'உறங்கட்டும்' என எழுதினால் கணு சற்று நீளும், ஆய்வு குறுகாது.

மூன்றாவது, கோட்டுக்குப் பெயரிடுதல் வேண்டும். கோட்டின்மீது எழுதும் வசதி இல்லாத மென்பொருளில், இரு கணுக்களுக்கும் இடையில் உறவைக் குறிக்கும் சிறு கணு ஒன்றை அமைக்கலாம். பெயரிட இயலாத கோடு இன்னும் ஆராயப்படாத கோடு என்பதை அவ்வெற்றிடமே நினைவூட்டும்.

நான்காவது, இரு கிளைகளுக்கு உரிய சொல்லை இரண்டிலும் வைத்தல் வேண்டும். ஃப்ரீபிளேனின் பிந்தைய பதிப்புகளில் ஒரு கணுவுக்கு நகற்கணு அமைக்கும் வசதி உள்ளது. ஒன்றில் செய்யும் திருத்தம் மற்றதிலும் தோன்றும். சீட்டைப் படியெடுத்து இரு பெட்டிகளில் இடுவதைவிட இது ஒருபடி மேலானது. ஏனெனில் படிகள் ஒன்றோடொன்று முரண்படுவதில்லை.

ஐந்தாவது, ஒவ்வொரு வரைபடத்திலும் 'இடம் தெரியாதவை' என ஒரு கிளை இருத்தல் நலம். நிகண்டின் பதினோராம் தொகுதி செய்த பணியை அது ஓரளவு செய்யும். எல்லைப்புற வழக்கை ஆராயும்போது அக்கிளை மிக நீண்டுவிடுமெனில், அது ஆய்வாளரின் குறையன்று, தரவின் இயல்பாகும்.

9. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் மனவரைபட மென்பொருள் பயனற்றது என்பது பெறப்படாது. திட்டமிடுதற்கும், பிறர்க்கு எடுத்துரைத்தற்கும், முடிந்த முடிபுகளைத் தொகுத்துக் காட்டுதற்கும் அது ஏற்றது. முடிபு காணாத தரவைக் குறித்து வைப்பதற்கு அதன் இயல்பான அமைப்பு ஏற்றதன்று. ஓரிடம், ஒரு சொல், ஒரு வெறுங்கோடு என்னும் அதன் மூன்று கொள்கைகளும், ஒரே சொல் இருமொழிக்கு உரிமையுடையதாகவும், உறவு சொல்லின் ஈற்றில் தங்குவதாகவும் உள்ள சாலைத் தமிழ் போன்ற வழக்கில் தடையாகின்றன.

நிகண்டாசிரியர் பதினோராம் தொகுதியால் தம் பாகுபாட்டின் எல்லையைத் தாமே ஒப்புக்கொண்டனர். உரையாசிரியர் தொகையை விரிக்காமல் விட்டதில்லை. அவ்விரு பழக்கங்களையும் புதிய கருவிக்குள் கொண்டுவருதல் தமிழாய்வாளர்க்கு அரிதன்று. தமிழகத்திற்கு வெளியே வழங்கும் தமிழ்ச்சொற்கள் பலவும் இன்னும் அகராதி ஏறாதவை. அவற்றைக் குறிப்போர் வரைபடத்தின் அழகுக்காக அவற்றை ஒரு கிளையில் அடக்கிவிடாமல், கேட்டவாறே முழுத்தொடராக முதலில் எழுதிவைப்பாராயின், எக்கிளைக்கு அவை உரியன என்பதைப் பின்வருவோர் ஆராய வழியிருக்கும்.